நாணயக்கயிறு: குதிரைப் பந்தயத்தில் ஓட்டியின் கையும் மனமும்

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் 1500 மீற்றர் ஓட்டத்தை அவதானித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. விசில் ஊதியதும் ஒரு பெடியன் அம்பு போலப் பாய்வான். முதலாவது சுற்றில் மற்றவர்களை ஐம்பது யார் பின்னுக்குத் தள்ளிவிடுவான். கூட்டம் கைதட்டும். மூன்றாவது சுற்றில் அவன் கால்கள் கனக்கும். கடைசியில் யாரும் கவனித்திராத ஒருவன் வந்து நாடாவைத் தொடுவான். ஒருமுறை இப்படி ஒரு பெடியன் மைதான ஓரத்தில் விழுந்து கிடந்தபோது, என் அருகில் நின்ற முதியவர் ஒருவர் சொன்னார்: "ஓடத் தெரியுது மாஸ்டர், பிடிக்கத் தெரியேல்லை." அவர் இளமையில் மாட்டுவண்டிச் சவாரியில் கயிறு பிடித்தவர்.

அந்த ஒரு வசனம் என்னை நெடுநாள் விடவில்லை. ஓட்டம் என்றால் விரைவு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். விரைவைப் பிடித்து வைத்துப் பங்கிட்டுச் செலவழிப்பதும் ஒரு வித்தை என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த வித்தைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதன் பெரும் பகுதி குதிரையின் முதுகில் எழுதப்பட்டது.

'சவாரி' என்ற சொல்லே அதற்குச் சாட்சி. குதிரையேறியவனைக் குறிக்கும் 'சவார்' என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது அது. குதிரையோடு தமிழுக்குள் நுழைந்த சொல், குதிரை அருகிய யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டிலில் ஏறிக்கொண்டது. சிரித்திரன் சுந்தர் தமது கேலிச்சித்திரப் பாத்திரத்துக்குச் 'சவாரித்தம்பர்' என்று பெயரிடும் அளவுக்கு அது எங்கள் மண்ணின் சொல்லாகிவிட்டது. தமிழகத்தில் 'ராவுத்தர்' என்ற பெயரும் அவ்வாறே. குதிரைவீரனைக் குறிக்கும் அச்சொல் ஒரு முஸ்லிம் சமூகத்தின் பெயராக நிலைத்தது. அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று விளித்தார். குதிரையை ஆளத் தெரிந்தவனுக்கு அக்காலச் சமூகம் கொடுத்த மதிப்பு இதனால் விளங்கும்.

மதீனாவின் இரு தூரங்கள்

இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபிகளின் பந்தயக் கதைகளுள் மிகவும் பெயர் பெற்றது 'தாஹிஸ்' என்ற குதிரையின் கதை. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்ஸ், துப்யான் ஆகிய இரு உறவுக் கோத்திரங்களிடையே பந்தயம் நடந்தது. அப்ஸ் தலைவர் கைஸ் இப்னு ஸுஹைரின் தாஹிஸ் முன்னணியில் வந்தது. எதிர்த்தரப்பினர் வழியிலே ஆட்களை ஒளித்துவைத்திருந்தனர். அவர்கள் பாய்ந்து வந்து அதனைத் திசைதிருப்பினர். அந்த வஞ்சனையால் மூண்ட போர் நாற்பது ஆண்டுகள் நீடித்ததாக அரபு மரபு கூறுகிறது. கவிஞர் அன்தரா பங்குகொண்ட போரும் இதுவே. ஓடும் குதிரையின் வேகத்தில் ஒருவன் கள்ளமாகக் கைவைத்தான் என்பதற்காக இரு கோத்திரங்கள் அழிவைத் தேடிக்கொண்டன.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் நடத்திய பந்தயங்களை நோக்க வேண்டும். ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள விபரம் இது. பயிற்றப்பட்ட குதிரைகள் அல்-ஹஃப்யா என்ற இடத்திலிருந்து தனிய்யத்துல் வதா வரை ஓடின. அது ஐந்து முதல் ஏழு மைல் என்று அறிவிப்பாளர்கள் கணிக்கின்றனர். பயிற்றப்படாத குதிரைகளோ தனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறக்குறைய ஒரு மைல் மட்டுமே ஓடின. இளைஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்களும் ஓட்டிகளுள் ஒருவர். அவருடைய குதிரை முந்தி வந்து, நிற்காமல் பள்ளிவாசல் எல்லையையும் தாண்டிப் பாய்ந்ததாக அவரே அறிவிக்கிறார்.

இரு தூரங்கள் வைக்கப்பட்டது ஏன்? அக்காலத்தில் குதிரையைப் பயிற்றும் முறைக்குத் 'தள்மீர்' என்று பெயர். முதலில் நன்றாகத் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். பின்னர் தீனியைப் படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்க வைத்து, கொழுப்பைக் கரைத்து உடலை இறுக்குவார்கள். இப்படித் தயாரான குதிரைதான் நெடுந்தூரம் மூச்சுப் பிடிக்கும். தயாராகாத குதிரையை ஏழு மைல் ஓட்டுவது அதன் உயிரோடு விளையாடுவதாகும். உடலின் கொள்ளளவுக்கு ஏற்ப ஓட்டம் என்ற நீதி அந்த ஏற்பாட்டில் இருந்தது.

இன்னொரு விதியும் நோக்கத்தக்கது. பந்தயத்தில் 'ஜலப்' இல்லை, 'ஜனப்' இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தன் குதிரையைக் கூச்சலிட்டு விரட்டுவதற்கு வேறொரு ஆளை வைப்பது ஜலப். களைத்த குதிரையிலிருந்து மாறி ஏறுவதற்காகப் புதிய குதிரையொன்றைப் பக்கத்தில் கொண்டு செல்வது ஜனப். இரண்டையும் தடுத்தபின் எஞ்சுவது என்ன? ஒரு குதிரை, ஒரு மனிதன், அந்தக் குதிரையிடம் உள்ள பலம், அதை எங்கே செலவழிப்பது என்ற அந்த மனிதனின் முடிவு. அவ்வளவுதான். வெளியிலிருந்து கடன் வாங்க முடியாது.

காயலில் இறங்கிய குதிரைகள்

ஓட்டியின் அறிவு இல்லாத இடத்தில் குதிரைக்கு என்ன நேரும் என்பதற்குத் தமிழ் வரலாற்றிலேயே சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியரின் காயல் துறைமுகத்தில் ஆண்டுதோறும் பாரசீக, அரபுக் குதிரைகள் வந்திறங்கின. கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்ததையும், ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார் விலை பேசப்பட்டதையும், வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் பணம் செலுத்தியதையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்துவைத்துள்ளார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டிய அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்தார்.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் அங்கு இல்லை என்பதும், அத்தகையோர் அங்கு போய்விடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் அவர் கூற்று. வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் நுணுக்கமானது. குதிரைகளை நாற்பது நாள் முளையில் கட்டி, வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைத்தார்கள். அதன்பின் எந்தப் பயிற்சியும் கொடுக்காமல், ஏறிமிதிக்கும் அங்கவடியும் இல்லாமல், அடித்து ஓட்டினார்கள். துடிப்பான குதிரைகள் சில நாட்களிலேயே மந்தமாகிப் பயனற்றுப் போயின.

வெளியூர் வணிகர்கள் தமது சரக்கை உயர்த்திப் பேசியிருக்கலாம். ஆயினும் மதீனாவின் தள்மீர் முறையோடு இதனை ஒப்பிட்டால் ஓர் உண்மை தெரியும். இரண்டு இடத்திலும் குதிரையைக் கொழுக்க வைத்தார்கள். ஓரிடத்தில் அதன் பிறகு இளைக்க வைத்துப் பழக்கினார்கள். மற்ற இடத்தில் அந்த இரண்டாம் பாதி வந்து சேரவில்லை. குதிரை கப்பலில் வந்தது. அதை ஆளும் அறிவு முழுதாக இறக்குமதியாகவில்லை.

எமது தீபகற்பத்துக்கு அப்பால் நெடுந்தீவில் இன்றும் கட்டாக்காலிக் குதிரைகள் திரிகின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் சந்ததி அவை. ஓட்டிகள் போய்விட்டனர், குதிரைகள் மிஞ்சின. காயலில் நடந்ததன் மறுபக்கம் அது எனலாம்.

மூச்சைப் பங்கிடுதல்

நவீன பந்தயக் குதிரையான 'தரோபிரெட்' இங்கிலாந்தில் உருவானது. ஆனால் அதன் ஆண்வழி மூன்று மூதாதையரும் கிழக்கிலிருந்து போனவை. அவற்றுள் டார்லி அரேபியன் என்ற குதிரை 1704இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து கொண்டு செல்லப்பட்டது. சுமார் ஐந்நூறு கிலோ எடையுள்ள இந்த விலங்கு மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடும். நாலுகால் பாய்ச்சலில் அது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சே விட முடியும். மூச்சால் வரும் பலத்துக்கு மேல் அது செலவழிக்கும் ஒவ்வொரு துளியும் தசையில் கடனாக ஏறும். அந்தக் கடன் எப்போது வசூலிக்கப்படும் என்பது குதிரைக்குத் தெரியாது. முன்னால் ஒரு குதிரை ஓடினால் அதை முந்தவே அது துடிக்கும். கணக்குப் பார்ப்பது மேலே இருப்பவனின் வேலை.

ஜொக்கி என்று எம்மவர் அழைக்கும் குதிரையோட்டி என்ன செய்கிறான்? ஒரு பர்லாங் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறோம் என்பதை மணிக்கூடு பாராமலே உணரப் பழகுகிறான். குதிரையின் காதசைவிலும் மூச்சிலும் கடிவாளத்தின் இழுவையிலும் மிச்சமிருக்கும் பலத்தை மதிப்பிடுகிறான். கடிவாளத்தோடு மல்லுக்கட்டும் குதிரை அந்த மல்லுக்கட்டிலேயே பலத்தை இழக்கும். ஆகவே அதை முரட்டுத்தனமாக இழுக்காமல் அமைதிப்படுத்துகிறான். இன்னொரு குதிரையின் பின்னால் ஒட்டி ஓடவிட்டுக் காற்றின் தடையைக் குறைக்கிறான். இவ்வாறு மறைவில் ஓடும் குதிரைக்குக் காற்றுத் தடை மூன்றில் இரண்டு பங்கு வரை குறையலாம் என்று 2012இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் கண்டனர்.

இந்தக் கலையின் உச்சத்தைக் காட்டிய ஒருவர் ஐசக் மேர்பி. 1861இல் அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர். கென்டக்கி டார்பியை 1884, 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றவர். 1890 ஜூன் மாதம் நியூயோர்க்கில் 'சல்வேட்டர்', 'டெனி' என்ற இரு குதிரைகள் மட்டும் மோதிய பந்தயத்தில் சல்வேட்டரில் மேர்பியும் டெனியில் கரிசன் என்பவரும் ஏறினர். கடைசி நேரத்தில் பாய்ந்து வந்து வெல்வதில் கரிசன் புகழ்பெற்றவர். மேர்பி முன்னால் சென்றார், ஆனால் எல்லாவற்றையும் செலவழிக்கவில்லை. கரிசனின் பாய்ச்சல் வரும் என்று அறிந்து அதற்கெனக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். பத்துப் பர்லாங் தூரம், 2 நிமிடம் 5 விநாடி. டெனி நெருங்கி வந்தது. அரைத் தலை அளவில் சல்வேட்டர் வென்றது. வெற்றிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே செலவழிக்கப்பட்டது.

அடுத்த மாற்றம் உட்காரும் முறையில் வந்தது. அதுவரை ஆங்கிலேய ஜொக்கிகள் நிமிர்ந்து உட்கார்ந்தே ஓட்டினர். அங்கவடியைக் குட்டையாக்கி, குதிரையின் கழுத்தோடு குனிந்து ஓட்டும் முறையை 1895இல் இங்கிலாந்தில் காட்டியவர் வில்லி சிம்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர். ஆனால் புகழ் முழுவதும் 1897இல் அங்கு சென்ற டொட் ஸ்லோன் என்ற வெள்ளையருக்கே போய்ச் சேர்ந்தது. குனிந்து ஓட்டும் முறை பரவிய காலத்தில் பந்தய நேரங்கள் ஐந்து முதல் ஏழு வீதம் வரை குறைந்தன என்று 2009இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. குனிந்திருக்கும் ஓட்டி குதிரையின் ஒவ்வொரு அசைவுக்கும் தன் முழங்காலால் ஈடுகொடுக்கிறான். குதிரை அவன் எடையைத் தாங்கினாலும் அதை ஒவ்வொரு பாய்ச்சலிலும் தூக்கித் தள்ள வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் கடைசிக்கு ஒதுக்குவதுதான் கெட்டித்தனமா? அப்படியும் இல்லை. 2020இல் பிரெஞ்சுக் கணித ஆய்வாளர் இருவர் ஷாந்தியி ஓடுதளத்துக் குதிரைகளின் வேகத் தரவுகளை ஆராய்ந்தனர். ஓரளவு விறுவிறுப்பான தொடக்கமே பொதுவாக நல்ல முடிவைத் தருகிறது என்றும், ஆனால் அது அளவு மீறினால் கடைசியில் குதிரை வற்றிவிடும் என்றும் கண்டனர். ஆக, விடையிருப்பது அளவில்தான். அந்த அளவோ குதிரைக்குக் குதிரை, தூரத்துக்குத் தூரம், வளைவுக்கு வளைவு மாறும்.

ஒரே கை, இரு எண்ணம்

இனித்தான் இவ்வரலாற்றின் சிக்கலான இடம் வருகிறது. கடைசியில் பாய்வதற்காகக் குதிரையைப் பிடித்துவைக்கும் கையும், பணம் வாங்கிக்கொண்டு தோற்பதற்காகக் குதிரையைப் பிடித்துவைக்கும் கையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதே விரல், அதே கயிறு, அதே இழுவை. வேறுபாடு உள்ளே இருக்கிறது. செயல்கள் எண்ணத்தைக் கொண்டே மதிப்பிடப்படும் என்று சிறுவயதில் மத்ரஸாவில் படித்தோமே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

டொட் ஸ்லோன் இதற்கு ஒரு பாடம். வேகத்தை அளப்பதில் அவருக்கு நிகர் அன்று ஒருவரும் இல்லை. ஆனால் அவர் பந்தயத்தில் பணம் கட்டினார் என்ற காரணத்தால், 1900ஆம் ஆண்டுப் பருவத்தின் பின் ஓட்டுரிமைக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம் என்று இங்கிலாந்தின் ஜொக்கி கிளப் அவருக்கு அறிவித்துவிட்டது. மறுபக்கத்தில், குதிரையைப் பிடித்துத் தோற்கும்படி சூதாடிகள் நீட்டிய பணத்தை உதறியவர் என்ற நற்பெயர் ஐசக் மேர்பிக்கு இன்றுவரை உண்டு. அடிமைகளின் மகனிடமிருந்து நேர்மையை வாங்க அவர்களிடம் போதிய பணம் இருக்கவில்லை.

பிக்ஹ் அறிஞர்கள் இந்த இடத்தை நுட்பமாகத் தொட்டிருக்கிறார்கள். குதிரை, ஒட்டகம், அம்பு ஆகியவற்றில் பரிசு வைத்துப் போட்டியிட மார்க்கம் இடமளித்தது. இருவரும் பணம் வைத்து ஒருவர் மற்றவருடையதை எடுப்பது சூதாகிவிடும் என்று அஞ்சிய பலர், பணம் வைக்காத மூன்றாமவர் ஒருவர் சேர வேண்டும் என்றனர். அந்த மூன்றாமவருக்கும் வெல்லும் வாய்ப்பு மெய்யாகவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 'அல்-ஃபுரூஸிய்யா' என்ற நூலை இயற்றிய இப்னுல் கையிம் மூன்றாமவர் தேவை என்ற கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் விவாதம் முழுவதிலும் ஓர் அக்கறை ஓடுகிறது: முடிவு முன்கூட்டியே தீர்ந்திருக்கக்கூடாது. ஓட்டத்தில்தான் அது தீர வேண்டும்.

இலங்கையிலும் தமிழகத்திலும் இந்தக் கேள்வி அரசியலாகவும் சட்டமாகவும் வந்தது. பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காலிமுகத்திடலில் தொடக்கிய பந்தயம் 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. இரண்டாம் உலக யுத்தத்தில் அந்த ஓடுதளமே விமான ஓடுபாதையானது. 1956இல் பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்தபின் கொழும்பில் பந்தயம் நின்றது. நுவரெலியாவில் பின்னர் மீண்டும் தொடங்கிய பந்தயம் ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்தின் பகுதியாக நடக்கிறது. ஆனால் பந்தயம் நின்றும் புக்கிக் கடைகள் நிற்கவில்லை. ஒரு குதிரையையும் கண்ணால் காணாத கூலித்தொழிலாளர்கள் இங்கிலாந்துக் குதிரைகளின் பேரில் அன்றைய கூலியைக் கட்டினார்கள். ஓட்டியின் கலை போய், சூது மட்டும் மிஞ்சியது.

தமிழகத்தில் 1974இல் தி.மு.க. அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு சென்னைப் பந்தயக் கழகத்தைக் கையேற்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு டில்லி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குதிரையின் பயிற்சியும் ஜொக்கியின் திறமையும் முடிவைத் தீர்மானிப்பதால் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே என்று 1996 ஜனவரியில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திறமை உண்டு என்ற தீர்ப்பில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் திறமை நேர்மைக்கு உத்தரவாதம் ஆகாது. கள்ளமாகத் தோற்பதற்கும் திறமை வேண்டும். கெட்டிக்கார ஜொக்கி பிடித்துத் தோற்றால் கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

திரும்பவும் சவாரித் திடலில்

எங்கள் சவாரித் திடல்களில் இந்தக் கதை முழுவதும் சிறு அளவில் நடக்கிறது. இரண்டு நாம்பன்கள், ஒரு வண்டில், கயிறு பிடிக்கும் ஒருவர். தொடக்கத்திலேயே மாடுகளை விரட்டி வெருட்டுபவரும் உண்டு. இரண்டு மாட்டையும் ஒரு நடைக்குக் கொண்டுவந்து, எல்லை தெரியும்போது விடுபவரும் உண்டு. துவரங்கம்பால் அடிப்பவர்களையும் ஆணி முனையால் குத்துபவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கொடுமை வெற்றிக்காவது உதவுகிறதா? அவுஸ்திரேலியாவில் பந்தயக் குதிரைகளை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று வேறு கதை சொல்கிறது. குதிரைகள் மிக வேகமாக ஓடியது சவுக்கு விழாத பகுதியில்தான். சவுக்கு விழுந்த கடைசிப் பகுதியில் களைத்த குதிரைகள் மேலும் வேகம் பிடிக்கவில்லை. பிரித்தானியாவில் 2023 முதல் சமதளப் பந்தயத்தில் ஆறு அடிக்கு மேல் அடிக்க முடியாது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஜலப் தடுக்கப்பட்டதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

அந்த முதியவரிடம் பிறகொரு நாள் கேட்டேன். "ஐயா, எப்ப விடவேணும் எண்டு எப்பிடித் தெரியும்?"

"மாடு கேக்கும் மாஸ்டர். கயித்தில தெரியும். அது கேக்கிற உடனை குடுத்தால் வீண். கேட்டுக் களைச்சாப் பிறகு குடுத்தாலும் வீண்."

பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்: "சில பேர் அது கேக்கக் கேக்கக் குடுக்காமலே கொண்டுபோய்த் தோப்பினம். அவையின்ரை கை அவைக்குத் தெரியும்."

மாட்டின் மூக்கில் பூட்டும் கயிற்றை எம்மவர் நாணயக்கயிறு என்பார்கள். அச்சொல்லில் வரும் நாணயத்துக்கு மூக்கணை என்று பொருள், நேர்மை என்றல்ல. அது எனக்குத் தெரியும். ஆனாலும் வகுப்பில் அச்சொல்லை விளக்கும்போது இரண்டு பொருளையும் சேர்த்தே சொல்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது முதல் சுற்றில் பிடிக்கச் சொல்கிறேன். யாருக்காகப் பிடிக்கிறாய், எதற்காகப் பிடிக்கிறாய் என்று கேட்டுக்கொள்ளவும் சொல்கிறேன்.